மாண்டவர் பெயரில் வசூல்

போரில் மாண்ட வீரர்களின் படத்தைச் சுவரொட்டியில் போட்டு நிதி திரட்டுவது அவர்களுக்கு நாடு செய்யும் மரியாதை என்று பலரும் நம்புகிறார்கள். எனக்கு அது இறந்தவரை வசூலுக்கு அனுப்புகிற வேலையாகத்தான் தெரிகிறது.

அமெரிக்காவின் அயோவா மாநிலம், வாட்டர்லூ ஊரின் சல்லிவன் சகோதரர்கள் ஐவர். சேர்ந்தே பணிபுரிவோம் என்று கேட்டுக் கடற்படையில் சேர்ந்தவர்கள். 1942 நவம்பர் 13 அன்று குவாடல்கனால் அருகே அவர்களுடைய ஜூனோ கப்பலை ஜப்பானிய நீர்மூழ்கியின் டார்பிடோ பிளந்தது. சுமார் 100 பேர் உயிரோடு கடலில் கிடந்தார்கள். இன்னொரு டார்பிடோ வரலாம் என்று உடன்வந்த கப்பல்கள் நிற்காமல் போயின. மீட்பு வர நாட்கள் ஆயின. காயமும் தாகமும் சுறாவும் போக, கடலிலிருந்து கரைசேர்ந்தவர்கள் 10 பேர். மூத்தவர் ஜார்ஜ் சில நாட்கள் மிதவையில் உயிரோடிருந்தார் என்று தப்பியவர்கள் சொன்னார்கள்.

அவர்கள் படம் போட்ட சுவரொட்டியில் இதில் ஒரு வரியும் இல்லை. ஐவரும் சிரிக்கிறார்கள்; காணாமற்போனார்கள், தம் பங்கைச் செய்தார்கள் என்கிறது வாசகம். மீதி யார் பங்கு என்பதைச் சொல்லவே வேண்டாம். துக்கம் ஆறுமுன்னே பெற்றோர் தாமஸும் அலெட்டாவும் தொழிற்சாலை தொழிற்சாலையாகப் போய்ப் போருக்கு ஆதரவு கேட்டுப் பேசினார்கள். அவர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை. அவர்களை மேடையேற்றியவர்கள்மேல்தான் கோபம்.

1945இல் ஐவோ ஜிமா தீவில் அமெரிக்க வீரர்கள் கொடியேற்றிய படம் ஏழாவது போர்க்கடன் திரட்டலின் சின்னமானது. படத்திலிருந்த ஹார்லன் பிளாக் அந்தத் தீவிலேயே இறந்தவர். அவர் இடத்தில் வேறொருவர் பெயர் அறிவிக்கப்பட்டது. அது தன் மகன்தான் என்று தாய் சொல்லியும் 1947 வரை பிழை திருத்தப்படவில்லை. வசூல் மட்டும் 2,600 கோடி டாலரைத் தாண்டியது.

போரை வெல்லப் பணம் வேண்டாமா என்பார்கள். வேண்டும்தான். ஆனால் அது தானமல்ல, 18.75 டாலர் கொடுத்தால் பத்தாண்டில் 25 டாலராகத் திரும்பிவரும் கடன் பத்திரம். அந்தக் கணக்கைச் சொல்லியே கேட்டிருக்கலாம். வட்டிக்குக் கொடுக்கும் பணத்தை உயிர்விட்டவனின் பங்கோடு சமமாக வைத்தது அவனுக்கு இழைத்த அவமதிப்பு.

இறந்த வீரனின் முகத்தைக் காட்டி யார் உங்களிடம் உண்டியல் நீட்டினாலும், அவன் எப்படி இறந்தான் என்று முதலில் கேளுங்கள்.