வாசனை காட்டும் வழி

வட துருவத்தில் உறைந்து கிடக்கும் கடல்தான் வெள்ளைக் கரடிகளின் வீதி. மார்ச் முதல் மே வரை அவை துணை தேடும் காலம்.

அவ்வளவு பெரிய பனிவெளியில் ஆண் கரடி தன் துணையை எப்படிக் கண்டுபிடிக்கிறது? மோப்பத்தால்தான்! பெண் கரடி நடந்த இடமெல்லாம் அதன் பாத வாசனை பனியில் ஒட்டியிருக்கும். அந்தத் தடத்தைப் பிடித்து ஆண் கரடி பல கிலோமீட்டர் நடக்கிறது.

குட்டி போட்ட பெண் கரடி இரண்டு ஆண்டுக்கு மேல் குட்டியோடுதான் திரியும். அதுவரை வேறு துணை நாடாது. எனவே, ஒவ்வொரு சந்திப்பும் முக்கியம்.

1973-ல் 5 நாடுகள் கூடி, கரடி வேட்டைக்குக் கட்டுப்பாடு விதித்தன. நல்ல காரியம். ஆனால், நாம் எரிக்கும் நிலக்கரியும் எண்ணெயும் பூமியைச் சூடாக்கிப் பனியை உருக்குகின்றனவே! பனி உடைந்தால் தடம் அறுந்துபோகும். தடம் அறுந்தால் குலம் எப்படித் தழைக்கும்?

வேட்டையைக் கட்டுப்படுத்திய மனிதன், புகையையும் கட்டுப்படுத்த வேண்டும்.