அட்ரஸ் மாறிய விளக்கு

கெடாரில் கடல் கிடையாது. கிணறு உண்டு, ஐப்பசியில் ரோட்டிலேயே தண்ணீர் உண்டு. அலை பார்க்கணும் என்றால் விழுப்புரம் போய், பஸ் மாறி, புதுச்சேரிக்குப் போகவேண்டும்.

'நீ என்னய்யா கடலைப் பற்றி எழுதுவது?' என்பீர்கள். இந்தியாவின் கடல் வரைபடங்களைத் தயாரிக்கும் நேஷனல் ஹைட்ரோகிராபிக் ஆபீஸ் எங்கே இருக்கிறது, தெரியுமா? டேராடூனில்! 1874-ல் கல்கத்தாவில் தொடங்கிய கடல் சர்வே இலாகா, 1954-ல் இமயமலை அடிவாரத்துக்குக் குடிபோய்விட்டது. டேராடூனுக்கு உள்ள உரிமை கெடாருக்குக் கிடையாதா, ஸார்?

என் சித்தி மகன் சரக்குக் கப்பலில் செகண்ட் ஆபீஸர். லீவில் வந்தவனிடம், ''நடுக்கடல்ல அப்படி என்னடா வேலை?'' என்றேன்.

''திருத்தறதுதாண்ணே வேலை. சேர்ந்த புதுசுல பாதி நேரம் வயலட் மையும் கையுமா உட்கார்ந்திருப்பேன்.''

கடல் வரைபடம் அச்சாகி வந்த அன்றே பழசாக ஆரம்பித்துவிடுகிறதாம். எங்கேயோ மணல் மேடு சேரும், மிதவை இடம் மாறும், கப்பல் ஒன்று மூழ்கி வழியில் கிடக்கும். இதையெல்லாம் டேராடூன் மாதம் இருமுறை, பிரிட்டிஷ்காரர்கள் வாராவாரம், 'மாலுமிகளுக்கு அறிவிப்பு' என்று வெளியிடுகிறார்கள். பழையதை ரப்பரால் அழிக்கக் கூடாது. அடித்துவிட்டு, அறிவிப்பு எண்ணைப் படத்தின் இடது மூலையில் குறிக்கணும். பி.காம் படித்தவனுக்குச் சந்தோஷமாக இருந்தது. கடலிலும் ஆடிட் இருக்கிறது! இப்போது பெரும்பாலும் கம்ப்யூட்டர் திரைதான். ஆனாலும் வாராவாரம் அப்டேட் உண்டு.

''ஒரு லைட்ஹவுஸ் எங்கேடா ஓடிப்போகப் போகுது?'' என்றேன்.

ஓடியிருக்கிறது. சென்னையின் கலங்கரை விளக்கம் 1796-ல் கோட்டைக்குள் ஒரு மொட்டைமாடியில் இருந்தது. 1844-ல் தனித் தூணுக்கு மாறியது. 1894-ல் ஹைகோர்ட் கோபுரம். 1977-ல் மெரீனா. வாடகை வீட்டுக்காரர் மாதிரி நாலு வீடு! ஒவ்வொரு தடவையும் கப்பல்காரர்களின் விளக்குப் பட்டியலில் அட்ரஸ் மாற்றியாகணும்.

விளக்கு நகராமலே தகவல் தப்பாவதும் உண்டு. 2004 டிசம்பர் 26 பூகம்பத்தில், கிரேட் நிகோபாரின் தென்முனையான இந்திரா பாயின்ட்டில் நிலமே நாலு மீட்டருக்கு மேல் அமிழ்ந்தது. விளக்கு நின்ற இடத்திலேயே நின்றது. அடிப்பகுதியைக் கடல் சூழ்ந்துகொண்டது. விளக்கின் உயரத்தை வைத்துத்தான் எத்தனை தூரத்தில் தெரியும் என்று கணக்கிடுவார்கள். உயரம் குறைந்தால் தூரமும் குறையும்.

திருத்தாவிட்டால் என்ன ஆகும்? 2013 ஜனவரி 17 அன்று அமெரிக்கக் கடற்படையின் 'கார்டியன்' கப்பல் பிலிப்பைன்ஸின் துப்பத்தாஹா பவளத்திட்டில் ஏறி உட்கார்ந்தது. டிஜிட்டல் வரைபடத்தில் அந்தத் திட்டு சுமார் எட்டு கடல் மைல் தள்ளிக் குறிக்கப்பட்டிருந்தது. வேடிக்கை என்னவென்றால், வரைபட இலாகா இந்தத் தவறை இன்னொரு படத்தில் 2011-லேயே சரிசெய்துவிட்டது. இந்தப் படத்தில் விட்டுப்போச்சு. பேரேட்டில் திருத்திவிட்டு இருப்புநிலைக் குறிப்பில் மறந்த கதை! நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. கப்பலைத் துண்டு துண்டாக அறுத்துத்தான் அப்புறப்படுத்தினார்கள்.

கடற்படைக்கே இந்தக் கதி என்றால், பாய்மரப் படகில் உலகம் சுற்றும் புருஷன் பெண்சாதியை நினைத்துப் பாருங்கள். அவர்களிடம் செகண்ட் ஆபீஸர் கிடையாது. எங்கே நங்கூரம் போடலாம், எந்தத் துறைமுகத்தில் டீசல் கிடைக்கும் என்று சொல்லும் கையேடுதான் துணை. ராட் ஹைக்கெல் எழுதிய இந்தியப் பெருங்கடல் கையேடு அப்படி ஒன்று. அதை வெளியிட்ட இம்ரே கம்பெனி தன் புத்தகங்களுக்குத் திருத்தங்களை இலவசமாகத் தருகிறது.

''இதுக்கெல்லாம் யாருடா தகவல் சொல்றது?''

''பார்த்தவங்கதாண்ணே. அதுக்குன்னே ஒரு ஃபாரம் இருக்கு. படத்துல இல்லாத பாறையைப் பார்த்தா எழுதிப் போட்டுடணும். நாம தப்பிச்சிட்டோம்னு போயிடக் கூடாது. பின்னாடி ஒருத்தன் வருவான்ல?''

இந்தக் கடைசி வரி எனக்குப் பிடித்திருந்தது.

நமக்கும் வீட்டில் திருத்தவேண்டிய புத்தகங்கள் உண்டு. உங்கள் இன்ஷூரன்ஸ் பாலிசியில் நாமினி யார்? கல்யாணத்துக்கு முன்னால் எழுதிய பெயரேதானா? இந்த ஞாயிற்றுக்கிழமை பீரோவைத் திறந்து பாருங்கள். பின்னாடி வருகிறவர்களுக்கு உதவும்.

வயலட் மை கட்டாயமில்லை.