பொழுது யார் கையில்?

"நேரத்தை வீணாக்காதே" என்று தொழிலாளியைப் பார்த்துச் சொல்லாத முதலாளி உலகத்தில் இல்லை. அந்தப் பாட்டையே நாமும் பாடப் போகிறோம் என்றெண்ணி வாசகர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். தோட்டத்துக்கு விற்ற நேரத்தைப் பற்றி நாம் இங்கே பேசவில்லை. அதற்குச் சட்டம் இருக்கிறது. தீபகற்பத்தில் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின்படி வாரத்துக்கு 48 மணி என்றிருந்த உச்சவரம்பு, 2023 ஜனவரி முதல் நாளிலிருந்து 45 மணியாகக் குறைந்தது. அந்த 3 மணி நேரம் நம் வீடு வந்து சேர்ந்ததா, வழியிலேயே கரைந்து போயிற்றா என்பதே நமது கேள்வி.

பால்மரக் காட்டிலே நேரத்தை நிர்ணயிப்பவர் துரையுமல்ல, மண்டோருமல்ல. மரமே நிர்ணயிக்கிறது. விடியற்குளிரில் பட்டைக்குள் அழுத்தம் மிகுந்திருக்கையில் உளி பட்டால் பால் நன்றாக ஓடும். வெயிலேறி இலைகள் நீரை இழக்கத் தொடங்கினால் ஓட்டம் தளரும். ஆகவே இருட்டில் எழுவதை நம்மால் மாற்ற முடியாது. கடிகாரத்தை மாற்றியவர்கள் உண்டு. ஜப்பானியர் ஆட்சியில் தோக்கியோ மணியை நம் தலையில் கட்டினார்கள். 1982 ஜனவரி முதல் நாள் தீபகற்பத்துக் கடிகாரங்களை அரை மணி முன்னே தள்ளினார்கள். மரம் இரண்டையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நம்மால் மாற்றக்கூடியது முந்திய இரவுதான். உளி தீட்டுவதையே எடுத்துக்கொள்வோம். பெரட்டுக்குப் போகிற அவசரத்தில் தீட்டிய உளி பாதி மழுங்கலாகவே இருக்கும். அது பட்டையைச் சீவாது, இழுக்கும். ஆழப் பட்டால் மரத்தில் காயம். பிறகு அந்த இடத்தில் வளரும் பட்டை முடிச்சு முடிச்சாகி வெட்டுக்கு உதவாது. மண்டோரின் வசவு வேறு. மரத்துக்கு 4 விநாடி கூடினால் 500 மரத்துக்கு அரை மணிக்கு மேலாகிறது. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் பத்து நிமிடம் சாணைக்கல்லில் உட்கார்ந்தால் இந்த அரை மணி நமக்கு மிச்சம். உளி, தலைவிளக்கு, கொசுவத்தி, கழுவிக் கவிழ்த்த வாளி எல்லாம் கதவோரம் ஒரே இடத்தில் இருக்கட்டும். விடியற்காலையில் தீப்பெட்டியைத் தேடி வீட்டையே எழுப்பும் வழக்கம் ஒழியட்டும். தாமதமானவர்தான் மோட்டார் சைக்கிளை இருட்டுச் செம்மண் பாதையில் விரட்டுகிறார். வேலைக்குப் போகும் வழியில் நேரும் விபத்துக்கும் சொக்சோ உண்டென்பது உண்மை; அதற்காக விழுந்து பார்க்க வேண்டுமா?

இதையெல்லாம் எடுத்து வைப்பது யார்? இங்கேதான் சற்றுக் கசப்பாகப் பேச வேண்டியிருக்கிறது. கணவனும் மனைவியும் பக்கத்துப் பக்கத்து நிரையில் வெட்டுகிறார்கள். மரக்கணக்கு ஒன்று, வாளியின் பளுவும் ஒன்று. ஆனால் அவள் ஒரு மணி நேரம் முன்னதாக எழுந்து சமைக்கிறாள். திரும்பி வந்து துவைக்கிறாள், பிள்ளைகளைப் பார்க்கிறாள், மறுபடியும் சமைக்கிறாள். அவனோ பிற்பகலில் பாய் விரிக்கிறான். இப்போது கையில் கைப்பேசி வேறு. அவளுடைய மிகைநேரத்துக்குச் சட்டத்தில் இடமில்லை, சம்பளச் சீட்டிலும் இடமில்லை. வேலை நாட்களில் காலைக்கு ஒரே கறி போதும் என்று வீட்டில் முடிவு செய்யுங்கள். அதற்கு வேண்டிய காயை ஆண்பிள்ளை இரவே நறுக்கி வைக்கட்டும். நாளெல்லாம் உளி பிடிக்கும் கைக்கு வெங்காயம் கனத்துவிடுமா? அரை மணி நேரத் தூக்கம் அந்தச் சகோதரிக்குக் கிடைக்கும். எமக்குத் தெரிந்தவரையில் இதற்கு ஒரு காசும் செலவில்லை.

அடுத்தது குறிப்புப் புத்தகம். பள்ளிப் பிள்ளையின் பழைய நோட்டு இருந்தால் அதுவே போதும். ஸ்டோரில் பால் நிறுத்தவுடன், வீட்டுக்குப் போவதற்கு முன்பாக எழுதிவிட வேண்டும்: தேதி, பாலின் எடை, உலர் ரப்பர் எத்தனை விழுக்காடு என்று சொன்னார்கள், கட்டிப்பால் எவ்வளவு, மிகைநேரம் உண்டா, மழையால் வெட்டு நின்றதா. இரண்டு நிமிட வேலை. விழுக்காடு ஒன்றிரண்டு குறைந்தாலும் சம்பளம் குறைகிறது. மாதக் கடைசியில் "அன்று 35 என்றுதானே சொன்னீர்கள்?" என்று நினைவை வைத்து வாதாடுகிறவன் தோற்றுப் போகிறான், ஓய்வு நாள் ஒன்றையும் ஆபீஸ் வாசலில் தொலைக்கிறான். எழுதி வைத்தவனிடம் பேச்சு சுருக்கமாக முடிகிறது. அடுத்த நிரையில் வெட்டும் இந்தோனேசியத் தோழருக்கும் வங்காளதேசத் தோழருக்கும் இதைச் சொல்லிக்கொடுங்கள். அவர்கள் கணக்கில் விழும் ஓட்டை நம் கணக்குக்கு வர நெடுநாளாகாது.

கிராணிமார்களுக்கும் ஒரு வார்த்தை. சம்பள காலம் முடிந்து 7 நாட்களுக்குள் சம்பளம் கொடுத்தாக வேண்டும் என்பது சட்டம். செக்ரோலை மாதக் கடைசிவரை சேர்த்து வைத்தால், அந்த ஒரு வாரம் இரவிலும் ஆபீஸ் விளக்கு எரியும். தூக்கக் கண்ணோடு போட்ட கூட்டலில் தவறு விழும். வசவு உங்கள் தலையில் விழும். அன்றன்றைக்கு ஏற்றிவிடுங்கள். ஆனால் இரண்டு கிராணி செய்த வேலையை இன்று ஒருவர் தலையில் சுமத்தியிருக்கும் தோட்டங்களில் எந்த நல்ல பழக்கமும் பலிக்காது. அது பழக்கத்தால் தீரும் காரியமல்ல, ஆள் பற்றாக்குறை. அதைச் சங்கத்தின் மூலம் பேச்சுவார்த்தை மேசைக்குக் கொண்டுபோக வேண்டும்.

சம்பளச் சீட்டு கைக்கு வந்த அன்றே நோட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் கண்டால் அன்று மாலையே கிளைச் செயலாளரிடம் இரண்டையும் காட்டுங்கள்.