கையெழுத்துப் போட்டது யார்?

ஆதம்பாக்கத்தில் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மகனுக்கு 20 வயது. காது கேட்காது, பேச வராது. ஒரு நாள் ஆராய்ச்சிக்காரர்கள் வருகிறார்கள். "உங்கள் மகனின் இரத்தத்தைப் பரிசோதிக்க வேண்டும்" என்று தந்தையிடம் ஒரு தாளை நீட்டுகிறார்கள். அவரும் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்.

மகன் பக்கத்தில்தான் நிற்கிறான். அவனை யாரும் கேட்கவில்லை!

இது தவறு என்கிறது சட்டம். 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 6-வது பிரிவு. மாற்றுத்திறனாளியை ஆராய்ச்சியில் சேர்க்க அவருடைய சம்மதமே வேண்டும். அதுவும் அவருக்குப் புரிகிற முறையில் சொல்லி வாங்க வேண்டும். காது கேளாதவருக்குச் சைகை மொழி. கண் தெரியாதவருக்கு பிரெய்ல் எழுத்து, அல்லது வாசித்துக் காட்டுதல்.

அது மட்டும் போதாது. அரசு அமைக்கும் ஒரு குழுவும் அனுமதிக்க வேண்டும். அந்தக் குழுவில் பாதிப்பேராவது மாற்றுத்திறனாளிகளாகவோ, அவர்களுடைய பதிவுபெற்ற சங்கத்தினராகவோ இருக்க வேண்டும். நல்ல ஏற்பாடு. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும்!

கம்மத்தில் நடந்தது

இவ்வளவு கண்டிப்பு ஏன்? மற்றவர் கையெழுத்து எங்கே கொண்டுபோய் விடும் என்பதை நாடு ஒருமுறை பார்த்திருக்கிறது.

2009-ல் அன்றைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்தில் பள்ளிச் சிறுமிகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போட்டார்கள். அது ஓர் ஆய்வு. தடுப்பூசி உலகெங்கும் போடப்படுவதுதான். ஆனால் சம்மதம் வாங்கிய விதம்? நாடாளுமன்றக் குழு 2013-ல் அறிக்கை தந்தது. ஆந்திராவில் 9,543 படிவங்கள். அவற்றில் 1,948-ல் கைநாட்டு. 2,763-ல் கையெழுத்துப் போட்டவர்கள் விடுதிக் காப்பாளர்கள்! பெற்றோர் போட வேண்டிய இடம் அது.

கைநாட்டு வைப்பது குற்றமல்ல. வைப்பதற்கு முன் படித்துச் சொன்னார்களா என்பதே கேள்வி.

ஆராய்ச்சியே வேண்டாமா?

அப்படிச் சொன்னால் நஷ்டம் நமக்குத்தான். 1956-ல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் ஆராய்ச்சி தொடங்கியது. அப்போது சானடோரியத்தில் படுக்கை கிடைப்பது குதிரைக் கொம்பு. சென்னையின் ஏழை நோயாளிகள் அந்த ஆய்வில் சேர்ந்தார்கள். சிலருக்கு சானடோரியம்; சிலருக்கு வீட்டிலேயே மருந்து. 1959-ல் முடிவு வந்தது: வீட்டு சிகிச்சையும் அதற்குச் சமமாகப் பலன் தரும்! உலகமே அந்த வழிக்குத் திரும்பியது.

மாற்றுத்திறனாளிகளுக்கும் இது பொருந்தும். "இவர்களுக்கு விளக்குவது தொல்லை" என்று ஒதுக்கிவிட்டால், நாளை வரும் மருந்து அவர்கள் உடம்புக்கு ஒத்துக்கொள்ளுமா என்பது டாக்டருக்கே தெரியாமல் போகும்.

ஆராய்ச்சியில் சேர மறுக்கலாம். சேர்ந்த பிறகு பாதியிலும் விலகலாம். அதற்காக வழக்கமான சிகிச்சையை நிறுத்தக் கூடாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ம் ஆண்டு விதிமுறைகள் இவை. கையெழுத்திட்ட தாளின் நகலையும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். சந்தேகம் வந்தால் யாரிடம் கேட்பது என்ற விவரமும் அதில் இருக்க வேண்டும்.