பட்டன் பழுது என்று சொல்லி வாங்கிய மணிக்கூடு



நீளமான பதிவு. கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன். பொறுமையாகக் கடைசிவரை வாசியுங்கள்.

எங்கள் தெருவில் ஒரு மாமி இருக்கிறா. கணவர் மௌத்தாகி ஏழெட்டு வருடமாகிறது. அவர் விட்டுப்போன சாமான்களில் ஒரு பழைய கைமணிக்கூடும் இருந்தது. கொழும்பில் புடவை வியாபாரம் செய்த அவருடைய வாப்பாவிடமிருந்து அவருக்கு வந்தது. போன மாதம் நம்மூர்த் தம்பி ஒருவர் அதைத் தேடி வீட்டுக்கே வந்தார். கையில் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாராம்: "மாமி, இது சின்னது, பொம்புள மணிக்கூடு. மேல் பட்டன் பழுது. ஓடத் தொடங்குது, ஆனா நிப்பாட்ட ஏலா. 1,500 ரூபாக்கு மேல போகாது."

மாமி கொடுத்துவிட்டா.

இரண்டு கிழமை கழித்து அதே மணிக்கூட்டை விற்பனைக்கு என்று ஒரு பக்கத்தில் கண்டேன். பின்மூடியில் கீறியிருந்த மூன்று எழுத்தை வைத்து மாமியே அடையாளம் சொன்னா. "1940களின் சுவிஸ் குரோனோகிராப், லாண்டெரோன் 48 இயந்திரம், பட்டன் இரண்டும் நல்ல வேலை" என்று எழுதியிருந்தது. கேட்ட விலை, மாமிக்குக் கொடுத்ததைப் போல நாற்பது மடங்கு.

அந்தத் தம்பியின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. இப்படிச் செய்கிறவர் அவர் ஒருவர் மட்டுமல்ல. ஆனால் அவர் சொன்ன இரண்டு பொய்களையும் ஊர் அறிய வேண்டும்.

முதல் பொய், சின்னது என்றால் பெண்களுடையது என்பது. 1930களிலும் 40களிலும் ஆண்களுக்கென்றே செய்த குரோனோகிராப்புகளில் பல 33, 34 மில்லிமீற்றர் அகலம்தான். இன்றைய பெரிய மணிக்கூடுகளைக் கட்டிப் பழகிய நம் கண்ணுக்குத்தான் அது சின்னதாகத் தெரிகிறது.

இரண்டாவது பொய் பெரியது. லாண்டெரோன் 48 அப்படித்தான் வேலை செய்யும். மேல் பட்டன் ஓட வைக்க மட்டும். கீழ் பட்டனை ஒருமுறை அமத்தினால் முள்ளு நிற்கும், இன்னொருமுறை அமத்தினால் பூச்சியத்துக்குத் திரும்பும். வல்ஜு 23 போன்ற வேறு இயந்திரங்களில்தான் மேல் பட்டன் ஓடவும் வைக்கும், நிறுத்தவும் செய்யும். விற்கும்போது இயந்திரத்தின் பெயரை எழுதத் தெரிந்தவருக்கு வாங்கும்போது இது தெரியாமலா போனது?

மாமி இன்னொன்றும் சொன்னா. "மின்னல் அடிச்சா மேல் பட்டன அமத்துவாரு, இடி கேட்டா கீழ் பட்டன அமத்துவாரு. ஏனெண்டு கேட்டா சிரிப்பாரு." அந்த டயலின் ஓரத்தில் டெலிமீற்றர் அளவு இருக்கிறது. ஒளி உடனே வந்துவிடும். ஒலி ஒரு கிலோமீற்றர் வர ஏறத்தாழ மூன்று செக்கன் எடுக்கும். முள்ளு நின்ற இடத்தைப் பார்த்தால் இடி எவ்வளவு தூரத்தில் என்று தெரியும். வாவிக்கு மேலே மழை இருட்டும்போது மனிதர் அதைத்தான் பார்த்திருக்கிறார். அதைத்தான் பழுது என்று சொல்லி வாங்கிப் போனார்கள்.

"அவங்க சம்மதிச்சுத்தானே வித்தாங்க, இது வியாபாரம்" என்று சிலர் எனக்கே சொன்னார்கள். நாம் வியாபாரிகளின் ஊர். ஆகவே வியாபாரத்தின் மொழியிலேயே கேட்கிறேன். சந்தை விலை தெரியாமல் வெளியூரிலிருந்து சரக்கோடு வருகிறவர்களை, சந்தைக்கு வந்து சேரும் முன்பே வழியில் மறித்து வாங்குவதை நபி (ஸல்) அவர்கள் ஏன் தடுத்தார்கள்? சந்தைக்கு வந்தபின் அந்த வியாபாரத்தை முறிக்கும் உரிமையை விற்றவருக்கு ஏன் கொடுத்தார்கள்? அவரும் சம்மதித்துத்தானே விற்றிருப்பார்? வீட்டுக்குள்ளேயே இருக்கும் விதவை எந்தச் சந்தையைக் கண்டா? நான் மௌலவி அல்ல, தீர்ப்புச் சொல்ல வரவில்லை. ஆலிம்களிடம் கேளுங்கள். ஆனால் இல்லாத பழுதை இருப்பதாகச் சொல்வது எந்தக் கடையிலும் வியாபாரம் ஆகாது.

"நான் தேடிப் படிச்ச அறிவுக்கு விலை இல்லையா?" என்றும் கேட்கிறார்கள். இருக்கிறது. "மாமி, இது பெறுமதியான சாமான். நான் வித்துத் தாறன், எனக்கு இவ்வளவு கூலி" என்று சொல்லுங்கள். யாரும் மறுக்கமாட்டார்கள். அறிவுக்குக் கூலி கேட்கலாம். பொய்க்கு லாபம் கேட்க முடியாது.

இனி வீட்டிலுள்ளவர்களுக்கு.

1. சாவி கொடுக்கும் திருகுக்கு மேலும் கீழும் பட்டன் இருந்தால், டயலுக்குள் சின்ன வட்டங்கள் இருந்தால், விற்க அவசரப்படாதீர்கள். டயலையும் பின்மூடியையும் படமெடுத்து, தெரிந்த இரண்டு பேரிடமாவது காட்டுங்கள்.

2. டயலிலுள்ள பெயரை மட்டும் வைத்து மதிப்பிடாதீர்கள். பெயர் தெரியாத பல கம்பனிகள் லாண்டெரோன், வீனஸ், வல்ஜு இயந்திரங்களை வாங்கித்தான் பூட்டின. உள்ளே இருப்பதே முக்கியம்.

3. மூடியில் 0.750 என்ற இலக்கமும் பெண் தலை முத்திரையும் இருந்தால் அது 18 கரட் சுவிஸ் தங்கம். உருக்கக் கொடுத்து இயந்திரத்தை எறிந்துவிடாதீர்கள்.

4. கறை பிடித்த டயலைப் புதிதாகப் பூசக் கொடுக்காதீர்கள். பழைய முகத்துக்குத்தான் மதிப்பு. வாங்கும் தம்பிமாரும் கவனியுங்கள்: எழுத்துத் தடித்து, வட்டங்கள் கோணலாக, பளபளவென்று இருந்தால் அது மறுபூச்சாக இருக்கலாம்.

5. 1960களுக்கு முந்திய மணிக்கூட்டில் இருட்டில் ஒளிரும் பூச்சு இருந்தால் அது ரேடியமாக இருக்கலாம். சுரண்ட வேண்டாம். பிள்ளைகள் கையில் திறந்து கொடுக்க வேண்டாம்.

6. வாப்பா வளைகுடாவிலிருந்து கொண்டுவந்த சைக்கோ குரோனோகிராப்பின் பின்மூடியில் 6139 என்று இருந்தால், ஆறு எழுத்துத் தொடர் இலக்கத்தைப் பாருங்கள். முதல் எண் வருடம், இரண்டாவது மாதம். 85 என்று தொடங்கினால் 1978 மே மாதம் செய்தது. வாப்பா போன காலத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

1978 சூறாவளி, 1990, 2004 சுனாமி. நம் வீடுகளிலிருந்து ஃபோட்டோவும் போனது, உறுதியும் போனது. பல வீடுகளில் முன்னோரின் ஞாபகமாக மிஞ்சியது உடம்பில் இருந்த சாமான் மட்டும்தான். அதையும் பொய் சொல்லி வாங்குவதா?

தம்பி, நீங்கள் இதை வாசிப்பீர்கள் என்று தெரியும். மணிக்கூடு இன்னும் விற்கவில்லை என்றால் திருப்பிக் கொடுங்கள். உங்கள் 1,500 ரூபாவை மாமி எடுத்து வைத்திருக்கிறா. விற்றுவிட்டால், உங்கள் கூலியை எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கொண்டுபோய்க் கொடுங்கள். நான் யாரிடமும் சொல்லமாட்டேன்.

பழைய மணிக்கூடு வைத்திருப்பவர்கள் எனக்குப் படம் அனுப்பலாம். தெரிந்ததைச் சொல்கிறேன். காசு வேண்டாம், வாங்கவும் மாட்டேன்.

வஸ்ஸலாம்.