குட்டி யந்திரத்துக்குக் கூடுதல் மூச்சு

விறகடுப்பில் சமைத்துப் பழகிய பெண்மணிகளுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். அடுப்பு மந்தமாக எரிந்தால் மேலும் நாலு விறகைத் திணிப்பதால் பயனில்லை, புகைதான் மிச்சம். ஊதுகுழலை எடுத்து ஊத வேண்டும். மோட்டார் காரின் யந்திரமும் ஓர் அடுப்புத்தான். அதில் பெட்ரோலை அதிகமாக விடுவது வெகு சுலபம். அந்தப் பெட்ரோலை எரிப்பதற்கு வேண்டிய காற்றை உள்ளே செலுத்துவதே கஷ்டம். எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்குச் சுமார் 14½ பங்கு காற்று தேவை. சின்ன யந்திரத்துக்குச் சின்ன மூச்சு. ஆகையால் சின்ன பலம்.

இந்த மூச்சைப் பெருக்க 1905-ஆம் வருஷத்தில் ஆல்பிரட் பூக்கி என்னும் ஸ்விட்சர்லாந்து தேசத்து என்ஜினீயர் ஒரு யுக்திக்கு உரிமைப் பட்டயம் பெற்றார். யந்திரத்திலிருந்து சீறிக்கொண்டு வெளியேறும் புகையில் ஏராளமான சக்தி வீணாகிறதல்லவா? அந்தப் புகையைக் கொண்டே ஒரு சக்கரத்தைச் சுழலச் செய்து, அதே அச்சில் மறுபுறம் இருக்கும் இன்னொரு சக்கரத்தால் வெளிக்காற்றை அமுக்கி யந்திரத்துக்குள் தள்ளுவது. டர்போ சார்ஜர் என்பது இவ்வளவுதான். கேட்பதற்கு எளிது. ஆனால் அந்த அச்சு நிமிஷத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலக்கூடியது. ஒரு முனையில் செக்கச் சிவக்கும் உஷ்ணம், மறு முனையில் குளிர்ந்த காற்று.

இங்கிலாந்தில் பழைய 'மினி' கார்களைப் பிள்ளை போல் வளர்க்கும் அன்பர்கள் அநேகர் உண்டு. 1959-ல் பிறந்து 2000-ம் ஆண்டு வரையில் உற்பத்தியான வண்டி அது. முதல் மினிக்கு 848 கன சென்டிமீட்டர் யந்திரம், 34 குதிரைச் சக்தி. பின்னால் அதே யந்திரம் 1275 வரை வளர்ந்தது. (நம் ஊர் அம்பாஸிடரில் நெடுங்காலம் உழைத்த 1489 கன சென்டிமீட்டர் யந்திரமும் அதே கம்பெனியின் வம்சம்தான்.) மினியின் சொந்தக்காரருக்கு என்றைக்காவது ஒரு நாள் டர்போ ஆசை பிறக்கும். பழைய சாமான் வியாபாரியிடம் ஏதோ பெரிய காரிலிருந்து கழற்றிய டர்போ மலிவாகக் கிடைக்கும். 'பெரிதாய் இருந்தால் நல்லதுதானே?' என்று வாங்கிவிடுவார். விபரீதம் அங்கேதான் ஆரம்பம்.

எவ்வளவு பெரிய டர்போ வேண்டும் என்பது ஆசையைப் பொறுத்ததல்ல, கணக்கைப் பொறுத்தது. பள்ளிக்கூடத்து வாத்தியாருக்குக் கரும்பலகையைக் கண்டால் கை சும்மா இராது. நேயர்கள் பொறுத்தருள வேண்டும். 1275 யந்திரம் நிமிஷத்துக்கு 6000 சுற்றுச் சுற்றுகிறது. இரண்டு சுற்றுக்கு ஒரு முறை எல்லா ஸிலிண்டர்களும் மூச்சு வாங்கி முடிக்கின்றன. ஆகவே 3000 மூச்சு, 3825 லிட்டர். குழாய்களின் நெளிவு சுளிவினால் மூச்சு முழுவதும் நிரம்புவதில்லை. நூற்றுக்கு 80 என்று கொள்வோம். 3060 லிட்டர் ஆகிறது. எடை போட்டால் சுமார் 3.7 கிலோ காற்று.

இப்பொழுது டர்போவால் சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டு அழுத்தம் கூட்டுகிறோம். வெளிக்காற்றின் அழுத்தம் 14.7 பவுண்டு, இரண்டும் சேர்ந்து 21.7. ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. அப்படியானால் காற்றும் ஒன்றரை மடங்கு உள்ளே போகுமா? போகாது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பையன்கள் பம்பின் அடிப்பாகத்தைத் தொட்டுப் பார்த்திருப்பார்கள், சுடும். அமுக்கிய காற்று சூடாகிறது, சூடான காற்று விரிகிறது. 27 டிகிரியில் உள்ளே போன காற்று, நல்ல டர்போவிலிருந்தே 78 டிகிரியில்தான் வெளிவரும். ஆகவே உண்மையில் கிடைக்கும் லாபம் நூற்றுக்கு 48 அல்ல. 26, 27 தான். வழியில் ஒரு குளிர்விக்கும் பெட்டியை வைத்து 45 டிகிரிக்கு இறக்கினால் 40-ஐ நெருங்கலாம். அப்பொழுதும் காற்று நிமிஷத்துக்கு 5 கிலோவுக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான்.

டர்போ செய்கிறவர்கள் ஒவ்வொரு உருப்படிக்கும் ஒரு படம் வெளியிடுகிறார்கள். பூகோள பாடத்தில் மலையின் உயரத்தைக் காட்ட வளையம் வளையமாகக் கோடு போடுவோமே, அதே மாதிரி. நடு வளையத்தில் டர்போ மிகத் திறமையாக வேலை செய்யும். இடது ஓரத்துக்கு அப்பால் காற்று முன்னும் பின்னும் அலைமோதும். வலது ஓரத்துக்கு அப்பால் மூச்சு முட்டும். நம்முடைய 5 கிலோவைப் பெரிய டர்போவின் படத்தில் குறித்துப் பார்த்தால் இடது ஓரத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். அதன் கனத்த சக்கரத்தைச் சுழற்றச் சிறு யந்திரத்தின் புகை போதவே போதாது. கடைத் தெருவில் வண்டி சோம்பிக் கிடக்கும். பெரும் வேகத்தில் திடீரென்று துள்ளும். 1985-ல் ரெனோ 5 ஜி.டி. டர்போ காரின் 1397 கன சென்டிமீட்டர் யந்திரத்துக்குப் பிரெஞ்சுக்காரர்கள் பொருத்தியது காரெட் கம்பெனியின் சிறிய டி2 வகை. அதில் 115 குதிரைச் சக்தி கிடைத்தது. என் அபிப்பிராயம் அந்தப் பக்கம்தான்.

மினி வம்சத்து யந்திரத்துக்கு டர்போ வைத்த அநுபவமும் உண்டு. 1982-ல் வெளிவந்த எம்.ஜி. மெட்ரோ டர்போவில் இதே 1275 யந்திரம் 72 குதிரைச் சக்தியிலிருந்து 93-க்கு உயர்ந்தது. லோட்டஸ் கம்பெனியார் உதவியோடு செய்த வேலை. ஏன் 93-லேயே நின்றார்கள்? இந்த யந்திரத்தின் கீர்ப்பெட்டி தனியாக இல்லை; யந்திரத்தின் அடியிலேயே, அதே எண்ணெயில் குளித்துக்கொண்டு கிடக்கிறது. சிறு பலத்துக்காகச் செய்த பற்சக்கரங்கள். ஆகவே அழுத்தத்தை முதலில் சுமார் 4 பவுண்டில் பிடித்து நிறுத்தி, வேகம் ஏற ஏறத்தான் 7 வரை விட்டார்கள். புகை வெளியேறும் வால்வுகளுக்குள் சோடியம் அடைத்து உஷ்ணத்தைக் கடத்தினார்கள். தொழிற்சாலையே இத்தனை அஞ்சி அஞ்சிச் செய்ததை, வீட்டுக் கொட்டகையில் 15 பவுண்டு என்று திருகிவிடுகிற தைரியசாலிகளை என்னென்பது!

பொருத்தும் வேலையில் பெரிய சத்துரு, மெக்கானிக்குகள் 'நாக்கிங்' என்று சொல்லும் தட்டல். தீப்பொறி மூட்டிய சுடர் பரவி வருமுன், மூலையிலிருக்கும் கலவை உஷ்ணமும் அழுத்தமும் தாங்காமல் தானே வெடிக்கிறது. பிஸ்டனின் தலையில் சம்மட்டி அடி. சில நிமிஷத்தில் ஓட்டை விழுந்துவிடும். 1962-ல் அமெரிக்காவில் வந்த ஓல்ட்ஸ்மொபீல் ஜெட்பயர் காரில் இதைத் தடுக்க, தண்ணீரும் ஆல்கஹாலும் கலந்த திரவத்தைத் தனித் தொட்டியில் ஊற்றி வைக்க வேண்டியிருந்தது. இரண்டு வருஷத்தோடு அந்தக் கார் நின்றது. இன்றைக்கு வேறு வழி: பிஸ்டன் தலையைக் குழிவாக்கி, அமுக்க விகிதத்தை எட்டரைக்கு ஒன்று என்ற அளவுக்கு இறக்குவது, அழுத்தம் ஏறும்போது தீப்பொறியைச் சற்றுத் தாமதப்படுத்துவது, கலவையில் பெட்ரோலை வழக்கத்தைவிடத் தாராளமாக, 12 பங்கு காற்றுக்கு ஒன்று என்ற கணக்கில் விடுவது.

கடைசியாகச் சொன்னதில்தான் பலர் சறுக்குகிறார்கள். டர்போவின் காற்றை கார்புரேட்டர் வழியாக ஊதினால், கார்புரேட்டருக்குள்ளும் 7 பவுண்டு அழுத்தம் நிற்கும். பழைய பெட்ரோல் பம்போ மூன்று நான்கு பவுண்டுக்கு மேல் தள்ளாது. எதிர்க்காற்றில் ஊதின கதையாகப் பெட்ரோல் வராமலே நின்றுவிடும். யந்திரத்துக்குப் பெட்ரோல் அதிகம் வேண்டிய அதே கணத்தில் குறைந்துபோகிறது, உடனே தட்டல். ஆகவே காற்றழுத்தத்தைவிட எப்பொழுதும் சில பவுண்டு அதிகமாய்த் தள்ளும் பம்பும், அழுத்தத்தை அறிந்து தானே ஏறி இறங்கும் ஒழுங்குக் கருவியும் டர்போவை வாங்கும் அன்றே வாங்க வேண்டியவை.

எண்ணெய்க் குழாய் விஷயமும் ஒன்று. டர்போவுக்கு எண்ணெய் போகும் குழாய் மெல்லியதாக இருக்கலாம். திரும்பும் குழாய் பருமனாக, மேடு பள்ளமில்லாமல் நேரே கீழே சரிய வேண்டும். தேங்கினால் எண்ணெய் அச்சின் ஓரமாகக் கசிந்து நீலப் புகையாய் வரும். டர்போ கெட்டுவிட்டதென்று வீணே கழற்றுவார்கள். மலைப் பாதையில் விரைந்து ஏறி வந்த வண்டியை நிறுத்தியதும் சாவியைத் திருப்பிவிடக் கூடாது. ஒரு நிமிஷமாவது மெதுவாக ஓடவிட்டால் ஓடும் எண்ணெய் அச்சின் சூட்டை எடுத்துச் சென்றுவிடும். இல்லாவிட்டால் நின்ற எண்ணெய் அங்கேயே கருகிக் கரியாய் ஒட்டிக்கொள்ளும்.