கமிஷன் கொடுக்கலாமா?

காஞ்சிபுரத்துக்குக் கோயில் பார்க்க வருகிறவர்கள் சேலையும் வாங்கிச் செல்வது நெடுநாள் வழக்கம். வழக்கம் மாறவில்லை, வருகிறவர்களின் அவகாசந்தான் குறைந்துவிட்டது. காலையில் கயிலாசநாதர் கோயிலும் ஏகாம்பரநாதர் கோயிலும், மாலையில் மாமல்லபுரம் என்று, கடல் கடந்த ஊரிலேயே பிரயாணக் கம்பெனி திட்டம் வகுத்துவிடுகிறது. சேலைக்கென்று மிஞ்சுவது அரைமணி நேரம். எந்தக் கடை என்பதையும் உல்லாசப் பிரயாணி தீர்மானிப்பதில்லை. காரோட்டியும் வழிகாட்டியும் தீர்மானிக்கிறார்கள். கமிஷன் எங்கே மிகுதியோ அங்கே கார் நிற்கிறது.

நம் கூட்டுறவுச் சங்கங்களும் இந்தக் கமிஷனைக் கொடுத்தால் என்ன என்று அங்கத்தினர் சிலர் கேட்கிறார்கள். சரக்குத் தேங்கிக் கிடக்கும்போது இந்த யோசனை எழுவது இயல்பே; அவர்களைக் குறைகூற நாம் முன்வரவில்லை. எனினும் கூடாதென்பதே நமது அபிப்பிராயம்.

பத்தாயிரம் ரூபாய்ச் சேலைக்கு நூற்றுக்கு இருபது வீதம் என்று வைத்துக்கொள்வோம். அந்த இரண்டாயிரம் ரூபாய் எங்கிருந்து வரும்? விலையை உயர்த்தினால், கல்யாணத்துக்குச் சேலை எடுக்க வரும் நம்மவர் அகன்றுவிடுவர். உயர்த்தாவிட்டால் கூலியில் கைவைக்க வேண்டும். இல்லையேல் பட்டிலும் ஜரிகையிலும் கைவைக்க வேண்டும். பட்டுச் சேலை உள்ளிட்ட சில வகைகளைக் கைத்தறிக்கென 1985-ஆம் ஆண்டுச் சட்டம் ஒதுக்கியுள்ளது. ஆயினும் விசைத்தறிச் சேலை கைத்தறிப் பெயரில் விற்பனையாவதை நாம் அனைவரும் அறிவோம். அந்தப் பாதையின் முதற்படி கமிஷன் என்று அஞ்சுகிறோம்.

பிரயாணியை அவசரப்படுத்தும் அதே உலக வியாபாரந்தான் ஆடையையும் அவசரப் பண்டமாக்கியது. 2005 ஜனவரி 1-ஆம் தேதியோடு, ஒவ்வொரு நாடும் இவ்வளவுதான் துணி ஏற்றுமதி செய்யலாம் என்ற பழைய வரம்பு நீங்கிற்று. மேனாட்டு வியாபாரி எங்கே கூலி மலிவோ அங்கே ஆர்டர் கொடுக்கலாயினர். சில வாரங்களில் புது மாதிரி, சில முறை உடுத்தல், பிறகு குப்பை. இந்த மலிவுக்கு விலை கொடுத்தவர் வேறொருவர். 2013 ஏப்ரல் 24-ஆம் தேதி பங்களாதேசத்தில், டாக்காவை அடுத்த சாவரில் ராணா பிளாசா என்னும் கட்டடம் இடிந்து 1,100-க்கு மேற்பட்ட தொழிலாளர் மாண்டனர். முந்தின நாளே சுவரில் விரிசல் கண்டிருந்தது. இருந்தும் தையல் நிறுத்தப்படவில்லை.

அவ்வளவு தூரம் போவானேன்? அயல்நாட்டுக் கடைகளுக்குப் பனியன் பின்னிய திருப்பூரின் சாயக்கழிவு நொய்யலில் கலந்தது. ஒரத்துப்பாளையம் அணையின் நீர் பாசனத்துக்கு உதவாமற் போயிற்று. வழக்காடியவர்கள் ஆற்றுப் பாசன விவசாயிகள். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. துணிக்கும் பயிருக்கும் பகை மூண்ட கதை அது. நெசவாளரும் விவசாயியும் சேர்ந்து வாசிக்கும் இந்தப் பத்திரிகையில் அதை மறைத்துப் பயனில்லை.

வேகத்தில் நாம் போட்டியிட முடியாது. கோர்வைச் சேலைக்கு மூன்று நாடா வேண்டும், தறியில் இரண்டு பேர் வேண்டும். முந்தானைப் பாவை உடற்பாவோடு இழை இழையாகப் பிணைக்க வேண்டும். ஆனால் இதே வேலையைக் கண்ணால் பார்க்க அரைமணி நேரம் தாராளம்! பிள்ளையார்பாளையத்தில் தறியோசை கேட்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. விற்பனைச் சாலைக்கு அருகே இரண்டு தறிகளைச் சங்கம் நிறுவட்டும். நெய்கிறவர் காட்சிப் பொருளாகிவிடுவாரே என்று ஒரு நண்பர் ஆட்சேபித்தார். நியாயமான ஆட்சேபம். ஆகையால் நெய்வதற்குரிய கூலியோடு, விளக்கிச் சொல்வதற்கும் தனி ஊதியம் தரவேண்டும். படமெடுக்க அவருடைய சம்மதத்தைக் கேட்கவேண்டும்.

2015-இல் வந்த இந்தியக் கைத்தறி முத்திரையும் அதற்கு முன்பே கிடைத்த புவிசார் குறியீடும் நம்மிடம் உள்ளன. பல சங்கங்களில் அவை சுவரில் மாட்டிய படத்தோடு சரி. ஒவ்வொரு சேலையோடும், பட்டு எத்தனை, ஜரிகையில் வெள்ளி எத்தனை, நெய்த நாட்கள் எத்தனை, கூலி எத்தனை என்று ஒரு சீட்டு வைக்கலாம்; தமிழிலும் ஆங்கிலத்திலும் அச்சிட்டால் போதும்.

காரோட்டிகளையும் நாம் பகைத்துக்கொள்ள வேண்டியதில்லை. வெயிலில் காத்திருக்கும் அவர்களுக்கு நிழலும் மோரும் கொடுப்போம். விற்ற சேலையில் பங்கு கொடுக்க வேண்டாம். அடுத்த பொதுக்குழுவில் கமிஷன் தீர்மானம் வருமானால், அங்கத்தினர்கள் அந்த இரண்டாயிரம் ரூபாய்க் கணக்கைத் தலைவரிடம் கேட்டுவிட்டுக் கையுயர்த்துமாறு வேண்டுகிறோம்.